"அடுத்த வாரம் வர வேண்டாம்": பகுதிநேர வேலையும் அறிவிப்பில்லாத நீக்கமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில், பகுதிநேர வேலைக்குப் போய்வந்த ஒருவரை முதலாளி திடீரென்று நிறுத்திவிட்டார் என்ற பேச்சு எழுந்தால், அங்கே கூடியிருப்பவர்களிடமிருந்து மூன்று தீர்ப்புகள் உடனே வந்துவிடும். "கேஷுவல் வேலைதானே, ஒன்றும் கேட்க முடியாது" என்பார் ஒருவர். "ஒரு மாதச் சம்பளம் கையில் தராமல் யாரையும் அனுப்ப முடியாது" என்பார் இன்னொருவர். "கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டாயா? இல்லையென்றால் விட்டுவிடு" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைப்பார். மூன்றுமே தவறு. மூன்றையும் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதால், கேட்பவர் அவற்றை நம்பிவிடுகிறார். நம்பியபடி வீட்டில் இருக்கும்போதே, உரிமை கேட்பதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் நாள்களும் கழிந்துவிடுகின்றன.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இந்த விஷயம் எப்படி இயங்குகிறது என்பதை, சட்டம் படிக்காதவர்களுக்காக இங்கே அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

வாடகை அறையும் வேலையும்

மாத வாடகைக்கு ஓர் அறையில் குடியிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அறை தனக்குத் தேவை என்று வீட்டுக்காரர் நினைத்தால், பொதுவாக ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்வார்; குடியிருப்பவர் வேறு இடம் தேடிக்கொள்வார். "ஏன் போகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம்தான்; ஆனால் முன்கூட்டிச் சொன்னாரா இல்லையா என்பதில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கும். வேலையும் இப்படித்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அல்லது அந்த நாள்களுக்கான பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால், முதலாளியின் கடமை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு.

ஒப்பீடு பாதிவரைதான் செல்லும். வேலையில் முதலாளி இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு காலம் முன்னதாகச் சொன்னீர்கள் என்பது ஒன்று. எதற்காக நீக்கினீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1997ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டம் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டம் பதில் சொல்கிறது. இனி முன்னதை நிபந்தனைகள் சட்டம் என்றும் பின்னதை உறவுகள் சட்டம் என்றும் குறிப்பிடுகிறேன். ஒன்றில் கடன் தீர்ந்துவிட்டது என்பதற்காக மற்றொன்றில் தீர்ந்துவிடாது. ஊரில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவதே.

அறிவிப்புக் காலம்: நாள்களின் கணக்கு

வேலை முடியப்போகிறது என்று சொல்லும் நாளுக்கும் அது உண்மையில் முடியும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அறிவிப்புக் காலம். பேச்சு வழக்கில் நோட்டீஸ். வேலை செய்த காலம் 6 மாதமோ அதற்குக் குறைவோ என்றால் 1 வாரம். 6 மாதத்தைத் தாண்டி ஓராண்டு நிறையவில்லை என்றால் 2 வாரம். ஓராண்டு நிறைந்துவிட்டால் 4 வாரம். பண்ணைத் தொழிலாளர்களுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் 6 மாதம் கடந்தாலே 4 வாரம். இவை சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவுகள். ஆகவே, யாராக இருந்தாலும் ஒரு மாதச் சம்பளம் உண்டு என்று சொல்பவர் ஓராண்டு நிறைந்தவர்களின் கணக்கை எல்லோருக்கும் பொருத்திவிடுகிறார்.

அறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். தொழிலாளி தன் விடுப்பில் இருக்கும்போது அதைத் தரக் கூடாது. முதலாளி விரும்பினால், அந்த வாரங்களில் வேலை வாங்காமல் அவற்றுக்குரிய ஊதியத்தைத் தந்து உடனே அனுப்பலாம். இதற்கு அறிவிப்பு ஊதியம் என்று பெயர். இந்தக் கடமை இரு பக்கத்துக்கும் உரியது. பரீட்சை வந்துவிட்டது என்று ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும் கல்லூரி மாணவரும் இதை மீறியவரே.

தொகையைப் பார்ப்போம். டர்பனில் ஒரு மசாலாக் கடையில் வாரத்துக்கு 2 நாள், நாளுக்கு 6 மணி நேரம், மணிக்கு 40 ராண்ட் என்று 14 மாதமாக வேலை செய்யும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, "அடுத்த வாரம் வர வேண்டாம்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். அவருடைய வாரக் கூலி 480 ராண்ட். ஓராண்டு நிறைந்துவிட்டதால் 4 வாரத்துக்கு 1,920 ராண்ட் அறிவிப்பு ஊதியம். இந்தப் 14 மாதத்தில் அவர் சம்பளத்துடன் கூடிய விடுப்பு எதுவும் எடுக்கவில்லை என்றால், 17 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் என்ற விகிதத்தில் சேர்ந்த விடுப்புக்கும் பணம் உண்டு. சுமார் 60 வாரத்தில் 720 மணி நேரம் வேலை செய்திருக்கிறார். அதற்கு ஏறத்தாழ 42 மணி நேர விடுப்பு, அதாவது 1,680 ராண்ட். இரண்டும் சேர்ந்து 3,600 ராண்ட். அறிவிப்பைப் பற்றி நெடுநேரம் வாதாடுபவர்களும் இந்த விடுப்புக் கணக்கை நினைப்பதில்லை. பகுதிநேரக்காரருக்கு விடுப்பே கிடையாது என்று அவர்களே நம்பிவிட்டதுதான் காரணம்.

24 மணி நேரம் என்னும் கோடு

"கேஷுவலுக்கு ஒன்றும் இல்லை" என்ற பேச்சுக்கு ஒரு சிறிய வேர் உண்டு. ஒரு முதலாளியிடம் மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்பவருக்கு, நிபந்தனைகள் சட்டத்தின் விடுப்புப் பகுதியும் அறிவிப்புப் பகுதியும் பொருந்தாது. சனிக்கிழமை மட்டும் 5 மணி நேரம் கடையில் நிற்கும் பையன், நான்கு சனிக்கிழமை உள்ள மாதத்தில் 20 மணி நேரம்தான் வேலை செய்கிறான். அவன் கோட்டுக்கு வெளியே. அதே பையன் 6 மணி நேரம் நின்றால் சரியாக 24 ஆகிறது. அப்போது அவன் கோட்டுக்கு உள்ளே. நம் மசாலாக் கடைப் பெண் மாதத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் வேலை செய்பவர். "கேஷுவல்" என்று கடையில் அவரை எப்படி அழைத்தாலும், கணக்கு மணி நேரத்தைத்தான் பார்க்கும்.

இன்னும் முக்கியமானது: உறவுகள் சட்டத்தின் நியாயமற்ற நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பில் இந்த 24 மணி நேரக் கோடு கிடையவே கிடையாது. அறிவிப்புக் காலம் கேட்க முடியாத அந்தச் சனிக்கிழமைப் பையனும், "எந்தக் காரணத்துக்காக என்னை நீக்கினீர்கள்?" என்று கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதும் தடையில்லை. வாய்மொழியாகப் பேசிக்கொண்டதும் ஒப்பந்தமே. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரும் கடமை முதலாளிக்குத்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவர்கூடத் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாமல் வேலை செய்வதால் குடிவரவுச் சட்டத்தில் வரும் சிக்கல் அதனால் நீங்கிவிடாது. ஆனால் அந்தச் சிக்கலைக் காட்டி முதலாளி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: அறிவிப்பு என்பது எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற கணக்கு, அது வேலை செய்த காலத்தையும் மாத மணி நேரத்தையும் பொறுத்தது. காரணம் கேட்கும் உரிமைக்கு அந்த இரண்டு வரம்பும் இல்லை.

காரணம்: மூன்று வாசல்கள்

முதலாளியே வேலையை முடிவுக்குக் கொண்டுவருவதைப் பணிநீக்கம் என்கிறோம். அந்த நீக்கம் நியாயமானதாக இருக்க வேண்டுமானால், உறவுகள் சட்டம் ஏற்றுக்கொள்ளும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். தொழிலாளியின் நடத்தை முதலாவது. திருட்டு, அடிதடி, அடிக்கடி சொல்லாமல் வராமலிருத்தல் போன்றவை இதில் அடங்கும். அவருடைய திறன் அல்லது உடல்நிலை இரண்டாவது. தொழிலின் தேவை மூன்றாவது. வியாபாரம் சுருங்கிவிட்டது, கடையை மூடப்போகிறோம் என்பவை இதில் சேரும். கர்ப்பமானதற்காகவோ தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ இனம், மதம் காரணமாகவோ நீக்குவதைச் சட்டம் தானாகவே நியாயமற்றதாகக் கொள்கிறது; இதற்குத் தானியங்கி நியாயமற்ற நீக்கம் என்று பெயர்.

காரணம் மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும். குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தந்து, அதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். இது நீதிமன்ற விசாரணைபோல் இருக்க வேண்டியதில்லை. சிறிய கடையில் ஒரு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து நேர்மையாகப் பேசினாலே போதும். தொழிலின் தேவைக்காக ஆள் குறைப்பதாக இருந்தால், முடிவெடுக்கும் முன்பே சம்பந்தப்பட்டவர்களோடு கலந்துபேச வேண்டும். நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வார ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். நம் மசாலாக் கடைப் பெண்ணுக்கு நிறைந்தது ஓராண்டு. எனவே முன் சொன்ன 3,600 ராண்டோடு இன்னொரு 480 சேரும்.

இப்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். கடைக்காரர் 4 வார ஊதியத்தை உறையில் போட்டு மரியாதையாகக் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்புகிறார்: அறிவிப்புக் கடன் தீர்ந்தது, நீக்கம் நியாயமற்றது. இன்னொரு கடைக்காரர் பலமுறை எச்சரித்து, கற்றுக்கொடுத்து, அவகாசமும் தந்து, அதன் பிறகும் வேலை சரியாக நடக்காததால் பேசி முடிவெடுத்துவிட்டு, அறிவிப்பு மட்டும் தராமல் அன்றே அனுப்புகிறார்: நீக்கம் நியாயமானது, ஆனால் அறிவிப்பு ஊதியம் பாக்கி. முதலாமவரைத்தான் ஊர் நல்லவர் என்று சொல்லும். சட்டத்தில் பெரிய தொகைக்கு மாட்டிக்கொள்ளக்கூடியவர் அவர்தான்; நியாயமற்ற நீக்கத்துக்கு 12 மாத ஊதியம்வரை இழப்பீடு வழங்கவோ, வேலையையே திருப்பித் தரும்படி சொல்லவோ இடமுண்டு. தானியங்கி நியாயமற்ற நீக்கம் என்றால் உச்சவரம்பு 24 மாதம்.

அறிவிப்பு இல்லாமலே நீக்குவது சரியாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. கல்லாவிலிருந்து பணம் எடுத்தது போன்ற கடுமையான குற்றத்துக்கு அன்றே அனுப்பிவிடலாம். அப்போதும் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அனுப்பக் கூடாது. "குறிப்பிட்ட கால வேலை" என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும்: தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை என்று முன்கூட்டிப் பேசிச் சேர்ந்த வேலை அந்தத் தேதியில் முடிந்தால், அதைப் பொதுவாகப் பணிநீக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பருவத்துக்கும் நீதான் என்று நம்பும்படி முதலாளி நடந்துகொண்டு பிறகு கைவிட்டால், அதுவும் நீக்கமாகலாம்.

யாரும் சொல்லாமலே போகும் வேலை

பகுதிநேர வேலைக்கே உரிய பெரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. முழுநேரத் தொழிலாளியை நீக்குவதென்றால் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். பகுதிநேரக்காரருக்கு அது தேவைப்படுவதில்லை. வாராவாரம் வாட்ஸ்அப்பில் வரும் ஷிப்ட் பட்டியலில் இந்த வாரம் பெயர் இருக்காது. கேட்டால், "கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்" என்பார்கள். அடுத்த வாரமும் இருக்காது. மூன்றாவது வாரம் கேட்கவே கூச்சமாகிவிடும். வேலை போய்விட்டதா, இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

சட்டத்தில் இது ஏன் முக்கியம் என்றால், வழக்கின் முதல் சுமை தொழிலாளி மீதுதான் இருக்கிறது. தன்னை நீக்கினார்கள் என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். அது நிரூபணமான பிறகே, நீக்கம் நியாயமானது என்று காட்டும் சுமை முதலாளிக்குப் போகிறது. "நாங்கள் எங்கே நீக்கினோம்? அவர்தான் வருவதை நிறுத்திக்கொண்டார்" என்பதே இத்தகைய இடங்களில் முதலாளிகள் சொல்லக்கூடிய எளிய பதில். வீட்டில் காத்திருந்தவரிடம் இதற்கு எதிராகக் காட்ட ஒன்றும் இருக்காது.

எனவே காத்திருப்பதற்குப் பதிலாக எழுதிக் கேட்க வேண்டும். "இந்த வாரமும் பட்டியலில் என் பெயர் இல்லை. நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். அடுத்து எந்த நாளில் வர வேண்டும் என்று தெரிவியுங்கள்" என்று மூன்று வாக்கியம் போதும். கோபமோ கெஞ்சலோ வேண்டாம். வேலையை விட்டுப்போகும் எண்ணம் தனக்கில்லை என்பதை இந்தச் செய்தி பதிவு செய்கிறது. வரும் பதிலோ, பதில் வராத மௌனமோ, பின்னால் சான்றாகிறது. எஸ்.எம்.எஸ். வழியாக அனுப்பிய பணிவிலகலை எழுத்தில் தந்ததாகவே தொழிலாளர் நீதிமன்றம் 2010இல் ஏற்றுக்கொண்டது என்பதால், கைபேசிச் செய்தியை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. பழைய ஷிப்ட் பட்டியல்கள், வங்கியில் கூலி விழுந்த விவரம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் இவற்றில் பலவற்றை எடுக்க முடியாமல் போகலாம்.

சாரமாக: பட்டியலிலிருந்து பெயர் மறைவதும் நீக்கமாக இருக்கலாம், ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் தொழிலாளி. கையில் எழுத்து இருப்பவருக்கே அது எளிது.

"இதில் ஒரு கையெழுத்து"

இன்னொரு வகை உண்டு. எனக்கு இதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சல் வரும். "உன் பெயர் கெட்டுப்போக வேண்டாம், நீயாகவே விலகுவதாக எழுதிக்கொடு" என்று தாளை நீட்டுவார்கள். கேட்பதற்கு உதவிபோல் இருக்கும். தானாக விலகியவர் நீக்கப்பட்டவர் அல்லர். ஆகவே நியாயமற்ற நீக்கம் என்ற வழக்கின் அடித்தளமே போய்விடும். அத்தோடு யூ.ஐ.எஃப். என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியும் கைநழுவும். தொழிலாளியின் கூலியில் 1 சதவீதமும் முதலாளியின் பங்காக இன்னொரு 1 சதவீதமும் இந்த நிதிக்குப் போகின்றன. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் இதில் சேர மாட்டார். நீக்கப்பட்டவருக்கு நிதி உதவித்தொகை தரும். தானாக விலகியவருக்குப் பொதுவாகத் தராது.

உண்மையில் விலக விரும்பாதவர் அந்தத் தாளில் கையெழுத்திடக் கூடாது. தாளை வாங்கிக்கொண்டு, வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிடலாம். முதலாளி தர வேண்டியவை வேறு இரண்டு தாள்கள்: யூ.ஐ.எஃப்.புக்கான யூ.ஐ.-19 என்ற படிவம் ஒன்று. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை என்று குறிப்பிடும் பணிச் சான்றிதழ் மற்றொன்று.

30 நாள்

வழக்கைக் கேட்கும் இடம் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச, மத்தியஸ்த, நடுவர் ஆணையம். உறவுகள் சட்டத்தின்கீழ் உருவாகி 1996 நவம்பரில் இயங்கத் தொடங்கிய இந்த அமைப்பில் முறையீடு செய்யக் கட்டணம் இல்லை. 7.11 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்பி, அதன் ஒரு படியை முதலாளிக்கும் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றோடு ஆணையத்தில் தர வேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. தையல் தொழிற்சாலை போன்ற சில துறைகளில், ஆணையத்துக்குப் பதிலாக, அந்தத் துறையின் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பேரக் குழுவுக்கு முறையீடு போகும்.

முறையிட வேண்டிய கெடு, நீக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். சனி, ஞாயிறும் இதில் சேரும். கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்பு கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. "கூப்பிடுகிறோம்" என்ற சொல்லை நம்பி 5 வாரம் காத்திருந்தவர் பல சமயம் இந்த இடத்தில்தான் தோற்கிறார்.

முதலில் சமரசம் நடக்கும்: ஆணையர் ஒருவர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பார். முடியாவிட்டால் நடுவர் விசாரணை. அதில் ஆணையர் சாட்சிகளைக் கேட்டு, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பைச் சொல்வார். பல வழக்குகளில் இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து நடந்துவிடும் என்பதால், முதல் நாளே ஆதாரங்களோடு போவது நல்லது. பாக்கி நிற்கும் அறிவிப்பு ஊதியத்தையும் விடுப்புப் பணத்தையும் 2019 முதல் இதே ஆணையத்தில் கேட்கலாம்.

நம் வீட்டுக்கு வருபவர்

1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கிய கூலித் தொழிலாளர்களை அவர்களின் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டது. அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். எசமான்-வேலையாள் சட்டங்கள் என்ற அந்த வகைச் சட்டங்கள் 1974இல்தான் முற்றாக நீக்கப்பட்டன. அந்த வரலாறு தெரிந்ததாலோ என்னவோ, இந்தப் பேச்சில் நம்மை எப்போதும் தொழிலாளி பக்கத்திலேயே நிறுத்திப் பார்க்கிறோம்.

வாரத்துக்கு ஒருநாள் வந்து 8 மணி நேரம் துணி துவைத்து, வீடு துடைத்துவிட்டுப் போகும் பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மாதத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம். அவர் 24 என்ற கோட்டுக்கு உள்ளே இருக்கிறார். வீட்டுவேலை செய்பவர் என்பதால் 6 மாதம் தாண்டியதுமே அவருக்கு 4 வார அறிவிப்பு உண்டு. அது எழுத்தில் இருக்க வேண்டும், புரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி விளக்கவும் வேண்டும். யூ.ஐ.எஃப்.பில் அவரைப் பதிவு செய்திருக்க வேண்டியவரும், விடுப்புக் கணக்கு வைத்திருக்க வேண்டியவரும், "அடுத்த வாரம் வர வேண்டாம்" என்று சொல்வதற்கு முன் காரணத்தைச் சொல்லி அவருடைய பதிலைக் கேட்க வேண்டியவரும் அந்த வீட்டுக்காரரே. கேட்காமல் அனுப்பிவிட்டால், அந்தப் பெண்ணுக்கும் அதே 7.11 படிவம் இருக்கிறது, அதே 30 நாளும் இருக்கிறது.